டையூ தீவின் கோட்டையும் தேவாலயங்களும்: சேலத்திலிருந்து செல்வோருக்கான கேள்வி பதில்கள்

சேலம், ஆத்தூர், ஏற்காடு பகுதிகளிலிருந்து சோமநாத், துவாரகை யாத்திரைக்குப் புறப்படும் குடும்பங்கள், பயணத் திட்டத்தில் டையூ என்ற பெயரைப் பார்த்ததும் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பெரும்பாலான பேருந்துக் குழுக்கள் அந்தத் தீவில் அரைப் பகல் நின்று, கடற்கரையில் கால் நனைத்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. மேற்குக் கடற்கரையில் நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கோட்டையும், தேவாலயங்களும், பழைய துறைமுகத் தெருக்களும் நடந்தே பார்க்கக்கூடிய நெருக்கத்தில் ஒன்றாக அமைந்த ஊர்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்றை இப்படி அவசரமாகக் கடந்து செல்லக் கூடாது என்ற எண்ணத்தோடுதான் இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

டையூ எங்கே இருக்கிறது? அது உண்மையிலேயே தீவுதானா?

தீவுதான். குஜராத்தின் சௌராஷ்டிரத் தீபகற்பத்தின் தென்கோடியை ஒட்டி, ஒரு குறுகிய உப்பங்கழியால் பெருநிலத்திலிருந்து பிரிந்து, கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. கழிக்கு அக்கரையில் உள்ள கோக்லா என்ற மீனவர் ஊரும் டையூ மாவட்டத்தைச் சேர்ந்ததே. மாவட்டம் முழுவதும் சேர்ந்தே சுமார் 40 சதுர கி.மீ. அளவுதான், 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தோர் 52,074 பேர். இப்போது பாலங்கள் இருப்பதால், பேருந்தில் உறங்கிக்கொண்டே செல்பவருக்குத் தீவுக்குள் நுழைந்தது தெரியாமலும் போகலாம்.

அங்கே செல்லத் தனி அனுமதி வேண்டுமா?

வேண்டியதில்லை. டையூ இந்திய ஒன்றியப் பிரதேசம். 1987-இல் கோவா தனி மாநிலமானபோது டாமனும் டையூவும் சேர்ந்து ஒரு ஒன்றியப் பிரதேசமாயின. 2020 ஜனவரி 26 முதல் தாத்ரா நகர் ஹவேலியும் அவற்றோடு இணைக்கப்பட்டுள்ளது. அடையாள அட்டை ஒன்றைக் கையில் வைத்திருந்தால் போதும்.

இவ்வளவு சிறிய தீவில் அத்தனை பெரிய கோட்டை எதற்காக எழுந்தது?

இந்தக் கேள்விக்கான விடை தெரிந்தால்தான் ஊரில் உள்ள மற்ற எல்லாமும் விளங்கும். டையூவின் செல்வம் அதன் நிலத்தில் இருந்ததில்லை. தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே கப்பல்கள் பாதுகாப்பாக நிற்கக்கூடிய நீர்ப்பரப்பில்தான் இருந்தது. காம்பே வளைகுடாவுக்குள் செல்லும் கப்பலும், அங்கிருந்து செங்கடலுக்கும் பாரசீக வளைகுடாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் புறப்படும் கப்பலும் இதன் பக்கமாகவே போக வேண்டியிருந்தது. குஜராத் சுல்தான்களின் காலத்தில், அடிமையாக வந்து ஆளுநராக உயர்ந்த மாலிக் அயாஸ் இந்த இடத்தின் மதிப்பை அறிந்து, துறைமுகத்தை வளர்த்து, மதில் எழுப்பி, பகைக் கப்பல் நுழையாதபடி துறைமுக வாயிலில் இரும்புச் சங்கிலியும் கட்டினார்.

வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பத்தே ஆண்டுகளில் போர்ச்சுகீசியரின் பார்வை இங்கே விழுந்தது. 1508-இல் சௌல் துறைமுகத்தில் எகிப்திய, குஜராத்திக் கப்பல்களோடு நடந்த சண்டையில், போர்ச்சுகீசிய அரசப் பிரதிநிதி பிரான்சிஸ்கோ டி அல்மெய்டாவின் மகன் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு, 1509 பிப்ரவரி 3 அன்று, அல்மெய்டா தம் கப்பற்படையோடு டையூவுக்கு வந்து, எகிப்தின் மாம்லுக் அரசும் குஜராத் சுல்தானும் கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியும் சேர்ந்து நிறுத்தியிருந்த கப்பல்களை முறியடித்தார். அந்த ஒரு நாள் போருக்குப் பிறகு, இந்தியப் பெருங்கடலில் போர்ச்சுகீசியரைக் கடற்போரில் எதிர்த்து நிற்கும் வலிமை பல பத்தாண்டுகளுக்கு இப்பகுதி அரசுகள் எவற்றுக்கும் வாய்க்கவில்லை. ஆயினும் ஊர் அவர்கள் கைக்கு வரவில்லை. 1531-இல் போர்ச்சுகீசிய ஆளுநர் நூனோ ட குன்ஹா பெரும்படையோடு வந்து தாக்கியும் தோற்றுத் திரும்பினார்.

அப்படியென்றால் கோட்டை அவர்கள் கைக்கு எப்படி வந்தது?

வாளால் கிடைக்காதது, சுல்தானின் நெருக்கடியால் கிடைத்தது. முகலாயப் பேரரசர் ஹுமாயூன் குஜராத்தின் மீது படையெடுத்தபோது, துணை தேடிய சுல்தான் பகதூர் ஷா 1535-இல் போர்ச்சுகீசியரோடு உடன்படிக்கை செய்து, டையூவில் கோட்டை கட்டிக்கொள்ள இடம் கொடுத்தார். ஹுமாயூன் பின்வாங்கியதும் சுல்தான் தாம் செய்ததை எண்ணி வருந்தினார். 1537-இல் பேச்சுவார்த்தைக்காகப் போர்ச்சுகீசியக் கப்பலுக்குச் சென்று திரும்பும் வழியில் கைகலப்பு மூண்டு, டையூக் கடலிலேயே அவர் கொல்லப்பட்டார். தன் துறைமுகத்திலேயே ஓர் அரசன் இப்படி உயிரிழந்த கொடுமையை நினைத்துக்கொண்டுதான் அந்தக் கோட்டை மதிலின் மேல் நிற்க வேண்டும்.

அதன் பின் இரண்டு பெரிய முற்றுகைகள். 1538-இல் எகிப்திலிருந்து சுலைமான் பாஷா என்ற துருக்கியத் தளபதி பெரும் கப்பற்படையோடு வந்து, குஜராத் படையோடு சேர்ந்து கோட்டையைச் சூழ்ந்துகொண்டார். உள்ளே அந்தோனியோ ட சில்வெய்ராவின் தலைமையில் சுமார் 600 பேர் இருந்தனர். முற்றுகை கைவிடப்பட்டபோது, ஆயுதம் ஏந்தும் நிலையில் இருந்தோர் சிலரே. 1546-இல் குஜராத் தரப்பு மீண்டும் முயன்றது. ஏழு மாதம் நீடித்த அந்தப் போரில், முற்றுகையை நடத்திய கோஜா சஃபர் பீரங்கிக் குண்டு பட்டு இறந்தார். போர்ச்சுகீசிய ஆளுநரின் மகன் கோட்டைக்குள் இருந்தார்; முற்றுகையிட்டோர் கொத்தளத்துக்கு அடியில் வைத்த வெடியில் அவரும் மாண்டார். அந்த ஆளுநர் ஜோவாவ் டி காஸ்ட்ரோ நவம்பரில் தாமே கப்பற்படையோடு வந்து முற்றுகையை உடைத்தார். இடிந்த மதிலைத் திரும்பக் கட்டப் பணமில்லாமல், கோவா நகரத்தாரிடம் தம் தாடி மயிரை ஈடாக அனுப்பிக் கடன் கேட்டார் என்பது புகழ்பெற்ற செய்தி. நகரத்தார் பணத்தையும் கொடுத்து, தாடி மயிரையும் மரியாதையோடு திருப்பி அனுப்பினர். இன்று நாம் பார்க்கும் மதிலின் பெரும்பகுதி அந்த மறுகட்டுமானத்திலும் அதற்குப் பிந்திய காலத்திலும் எழுந்தது.

கோட்டைக்குள் எவற்றைப் பார்க்க வேண்டும்?

முதலில் அகழியைப் பார்க்க வேண்டும்; பலர் அதைக் கவனிக்காமலே பாலத்தைக் கடந்துவிடுகின்றனர். கோட்டைக்கு மூன்று பக்கம் கடல். ஊரை நோக்கிய நான்காவது பக்கத்தில் பாறையை நேராக வெட்டி இறக்கிக் கடல்நீரை உள்ளே விட்டிருக்கின்றனர். அதன் இரு சுவர்களிலும் உளியின் தடங்களைக் காணலாம். இந்தக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் நம் கிழக்குக் கடற்கரையைவிட மிகுதி என்பதால், காலையில் நீர் நிறைந்திருந்த அகழி பிற்பகலில் வற்றிக் கிடப்பதையும் பார்க்க நேரலாம்.

உள்ளே ஏறியதும் மதிலின் மேலேயே கிழக்கு நோக்கி நடந்து செல்வது நல்லது. கொத்தளங்களில் வெண்கலப் பீரங்கிகளும் இரும்புப் பீரங்கிகளும் கடலை நோக்கி நிற்கின்றன. குண்டுகளும் ஆங்காங்கே குவிந்து கிடக்கின்றன. கற்பலகைகளில் போர்ச்சுகீசிய எழுத்துகள், இடிந்த சிற்றாலயத்தின் சுவர்கள், கலங்கரை விளக்கம், கிளைச்சிறையாகப் பயன்படுத்தப்பட்ட கட்டடம் ஆகியவை ஒன்றை அடுத்து ஒன்றாக வரும். கலங்கரை விளக்கத்தின் அருகே நின்றால், ஒரு பக்கம் திறந்த அரபிக் கடல், மறுபக்கம் கழிமுகமும் கோக்லாவும் என இரண்டும் ஒரே பார்வையில் அடங்கும். கோட்டை இங்கே ஏன் கட்டப்பட்டது என்பதை எந்த வழிகாட்டியின் விளக்கத்தையும்விட அந்த இடம் தெளிவாகக் காட்டிவிடும்.

பகதூர் ஷாவுக்காக 1533-இல் வார்க்கப்பட்ட மிகப்பெரிய பீரங்கி ஒன்று டையூவில் கைப்பற்றப்பட்டு லிஸ்பனுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ‘டையூவின் பீரங்கி’ என்ற பெயரோடு அது அங்குள்ள இராணுவ அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அதன் உடலில் அரபு எழுத்துப் பொறிப்பு உண்டு. இந்தியப் பட்டறைகள் அக்காலத்தில் பீரங்கி வார்ப்பதில் எந்த அளவுக்குத் தேர்ந்திருந்தன என்பதற்கு அது சான்று.

சங்ககிரியையும் ஆத்தூர்க் கோட்டையையும் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது?

நம் பகுதிக் கோட்டைகளை நன்றாகப் பார்த்தவர்கள்தாம் டையூவை முழுமையாக அனுபவிப்பர் என்பது என் உறுதியான கருத்து. சங்ககிரியின் வலிமை உயரத்தில் இருக்கிறது. ஏறி வருபவனைக் களைக்கச் செய்து, ஒவ்வொரு வாயிலிலும் தடுக்கும் அமைப்பு அது. தீரன் சின்னமலை 1805-இல் தூக்கிலிடப்பட்ட அந்த மலையின் அடிவாரத்திலிருந்து பார்த்தாலே இது புரியும். ஆத்தூர்க் கோட்டை வசிஷ்ட நதிக்கரையில், ஆற்றையும் சமவெளி வழிகளையும் காத்து நிற்கிறது. டையூவில் உயரமும் இல்லை, ஆறும் இல்லை. அங்கே மதில்கள் உயரத்தைவிடப் பருமனையே நம்பி நிற்கின்றன. கொத்தளங்கள் கோண வடிவில் வெளியே நீண்டு, ஒன்றின் அடிவாரத்தை மற்றொன்றின் பீரங்கி காக்கும்படி அமைந்துள்ளன. பீரங்கிப் போர் பரவிய பிறகு ஐரோப்பாவில் உருவான கோட்டை இலக்கணம் அது.

கல்லும் வேறு. சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறை உளிக்கு எளிதில் இடம் கொடுக்காது. மழையும் வெயிலும் பல நூறாண்டுகள் பட்டாலும் அதன் விளிம்பு மழுங்காது. சௌராஷ்டிரக் கரையின் கல்லோ, கடற்சிப்பித் துகள்கள் இறுகி உருவான மென்மையான சுண்ணாம்புக்கல். செதுக்க எளிது; ஆனால் உப்புக்காற்று அதை அரிக்கும். மதிலின் கடற்புறத்தில் கற்கள் குழி விழுந்து, இடையிலுள்ள சாந்து மட்டும் துருத்திக்கொண்டிருப்பதைக் காணலாம். அந்தச் சுவர்களின் மேல் ஏறுவதும், கல்லைச் சுரண்டிப் பெயர் எழுதுவதும் பெருந்தீங்கு. பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.

கடலின் நடுவே தெரியும் சிறு கோட்டை எது?

பானிகோட்டா. கழிமுகத்தில் நங்கூரமிட்ட கப்பலைப் போன்ற வடிவில், நீருக்கு நடுவே நிற்கிறது, சிறையாகவும் இருந்திருக்கிறது. படகில் அருகே செல்ல எப்போதும் வசதி கிடைப்பதில்லை. படகுத்துறையிலிருந்தும் பெரிய கோட்டையின் மதிலிலிருந்தும் நன்றாகத் தெரியும். இருட்டிய பின் விளக்கேற்றப்படும்போது இன்னும் அழகு.

டையூவின் பழைய தேவாலயங்கள் எவை?

மூன்றைத் தவறவிடக் கூடாது. மூன்றும் ஒன்றுக்கொன்று நடந்து செல்லும் தொலைவில் உள்ளன.

முதலாவது புனித பவுல் தேவாலயம். இயேசு சபையினர் 1601-இல் தொடங்கி 1610-இல் முடித்த இந்த ஆலயம் அமலோற்பவ அன்னைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இதன் முகப்பு இந்தியாவில் உள்ள போர்ச்சுகீசிய ஆலய முகப்புகளில் மிகவும் செழுமையானவற்றுள் ஒன்று. தூண்கள், மாடங்கள், சிப்பி வடிவங்கள், சுருள்கள் என வெண்சாந்துக்கு மேல் அடுக்கடுக்காக எழும்பும். மாலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு செதுக்கலும் தன் நிழலோடு தனித்துத் தெரிவதால், முகப்பைப் பார்க்க அதுவே உகந்த வேளை. உள்ளே நீண்ட வளைவுக் கூரையும், பலிபீடத்தின் பின்னே மேல்வரை எழும் மரச்செதுக்கு வேலைப்பாடும் உள்ளன. அந்த மரவேலையின் முன் சிறிது நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். ஐரோப்பிய அமைப்பில் வரையப்பட்டதாயினும், இலையிலும் கொடியிலும் முகங்களிலும் இந்தியத் தச்சரின் கை தெரியும். நம் ஊர்த் தேர்ச் சிற்பங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது உடனே புலப்படும்.

சேலத்து வாசகர்கள் இங்கே ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். இந்த ஆலயம் கட்டி முடிந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1623-இல், அதே இயேசு சபையைச் சேர்ந்த இராபர்ட் தே நோபிலி மதுரையிலிருந்து வடக்கே புறப்பட்டுச் சேந்தமங்கலம் வழியாகச் சேலத்துக்கு வந்தார். டையூவில் கோட்டைக் காவலின் நிழலில் கல்லால் ஆலயம் எழுப்பிய சபை, இங்கே காவியுடையும் தமிழும் வடமொழியுமாக, படைத்துணை ஏதுமின்றி நடந்து வந்தது. ஒரே சபையின் இந்த இரு வழிகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அக்காலக் கிறித்தவ வரலாறு முழுமையாக விளங்குகிறது.

இரண்டாவது, 1598-ஆம் ஆண்டைச் சேர்ந்த புனித தோமையார் ஆலயம். வெள்ளை நிறத்தில் உயர்ந்து நிற்கும் இக்கட்டடம் இப்போது அருங்காட்சியகமாக உள்ளது. மூடப்பட்ட ஆலயங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட மரச் சுரூபங்கள், கல்வெட்டுப் பலகைகள் முதலியவை இங்கே வைக்கப்பட்டுள்ளன. சில சுரூபங்களில் பழைய வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கை இழந்தவையும் முகம் தேய்ந்தவையும் உண்டு. மக்கள் மண்டியிட்டு வேண்டிய உருவங்கள் அவை என்ற நினைவோடு பார்க்க வேண்டும்.

மூன்றாவது, 1593-இல் எழுந்த அசிசியின் புனித பிரான்சிஸ் ஆலயம். மேட்டின் மேல் அமைந்திருப்பதால் படியேற வேண்டும். பின்னாளில் இது மருத்துவமனையாகப் பயன்பட்டது. மற்ற இரண்டையும்விட எளிமையானது. ஆனால் அதன் முன்றிலிலிருந்து ஊரின் கூரைகளையும் கடலையும் காண்பது தனி இன்பம். தீவுக்குள் ஃபுதம் கிராமத்திலும் ஒரு பழைய ஆலயம் உண்டு.

இவற்றில் இன்றும் வழிபாடு நடக்கிறதா? நாங்கள் உள்ளே போகலாமா?

புனித பவுல் ஆலயத்தில் வழிபாடு நடந்துவருகிறது. திருப்பலி நேரத்தில் பார்வையாளராகச் சுற்றக் கூடாது. பின்வரிசையில் அமைதியாக அமரலாம், அல்லது முடியும்வரை வெளியே காத்திருக்கலாம். எந்தச் சமயத்தவரும் உள்ளே செல்லலாம். பலிபீடப் பகுதிக்குள் ஏறுவதும், அங்கு நின்று படம் எடுத்துக்கொள்வதும் தவிர்க்க வேண்டியவை. சேர்வராயன் கோவில் குகைக்குள் ஒருவர் எப்படி அடக்கத்தோடு நுழைவாரோ, அதே அடக்கம் இங்கும் வேண்டும்.

டையூவில் இப்போது கத்தோலிக்கர் எண்ணிக்கை குறைவு. அந்தக் கட்டடங்களைக் காத்துவருவோர் சிறு தொகையினரே என்பதால், காணிக்கைப் பெட்டியில் இயன்றதை இடுவது நன்று.

தேவாலயங்கள் தவிர ஊருக்குள் பார்க்க என்ன உண்டு?

பழைய நகரமே பார்க்க வேண்டியது. மேற்கே நகர மதிலில் உள்ள ஜாம்பா வாயில் செந்நிறம் பூசப்பட்டது. அதில் சிங்கங்கள், வானதூதர்கள், ஒரு குருவானவர் ஆகிய உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அதற்குள் நுழைந்து குறுகிய தெருக்களில் நடந்தால், குஜராத்தி வணிகர்களின் மாளிகைகள் வரும். மரத்தில் செதுக்கிய உப்பரிகை, போர்ச்சுகீசிய பாணிச் சாளரம், வாசலுக்கு மேலே இந்துத் தெய்வ உருவம் ஆகிய மூன்றும் ஒரே வீட்டில் அமைந்திருப்பதைக் காணலாம். நகர்சேத் ஹவேலி அவற்றுள் பெயர் பெற்றது. பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. டையூக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக மொசாம்பிக்குக்கும், பின்னர் லிஸ்பனுக்கும், இங்கிலாந்தின் லெஸ்டர் போன்ற நகரங்களுக்கும் குடிபெயர்ந்துவருவதே அதற்குக் காரணம். போர்ச்சுகீசிய ஆட்சி முடிந்த 1961-க்கு முன் பிறந்தோருக்கும் அவர்தம் வழியினருக்கும் போர்ச்சுகல் குடியுரிமை பெறும் வாய்ப்பு இருப்பது இந்தப் பெயர்ச்சியை வளர்த்தது.

சேலத்துச் சௌராஷ்டிர மக்களுக்கும் டையூவுக்கும் தொடர்பு உண்டா?

சேலத்தில் தலைமுறைகளாக நெசவு செய்துவரும் சௌராஷ்டிரக் குடும்பத்தார் இதை ஆவலோடு கேட்பதுண்டு. முன்னோர் சௌராஷ்டிரத்திலிருந்து புறப்பட்டு, தேவகிரி, விஜயநகரம் வழியாக மதுரைக்கு வந்தனர் என்பது அச்சமூகத்தின் மரபு வரலாறு. டையூவோடு தனித்த தொடர்பு அதில் சொல்லப்படுவதில்லை. அந்தப் பெயர்ச்சி போர்ச்சுகீசியர் வருகைக்கு முற்பட்டது. ஆனால் அவர்கள் தம் பூர்வ பூமியாகக் கருதும் சோமநாத் டையூவிலிருந்து சுமார் 85 கி.மீ. தொலைவில்தான் உள்ளது. 2023 ஏப்ரலில் நடந்த சௌராஷ்டிரத் தமிழ்ச் சங்கமத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து பலர் சென்று வந்த பிறகு, இந்தப் பக்கம் போக விரும்புவோர் கூடியிருக்கின்றனர்.

நெசவைப் பொறுத்தவரை ஒரு செய்தி இங்கே சேலத்தாருக்குச் சுவையாக இருக்கும். டையூவின் வாணிபத்தைப் பிற்காலத்தில் தாங்கி நின்றது துணிதான். வான்ஜா என்ற நெசவாளர் சமூகத்தார் தீவிலேயே தறியிட்டு நெய்த பருத்தித் துணியையும், குஜராத்தின் உட்பகுதிகளிலிருந்து வந்த துணியையும் பனியா வணிகர்கள் மொசாம்பிக்குக்கு ஏற்றி அனுப்பி, யானைத் தந்தத்தைப் பெற்றுவந்தனர். ஆப்பிரிக்கக் கரையில் வாங்குவோர் எந்தக் கரை, எந்த நிறம், எந்த அகலம் கேட்கின்றனர் என்பதை அறிந்து அதற்கேற்ப நெய்தனர். கோட்டையும் ஆலயங்களும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஊரை வாழவைத்த தறிகளுக்கு நினைவுச்சின்னம் இல்லை என்பது நெசவு நகரத்திலிருந்து போகிறவருக்கு உறுத்தவே செய்யும்.

இந்துக் கோவில்கள், பிற சமய இடங்கள் உண்டா?

ஃபுதம் அருகே கடற்பாறைகளுக்கு இடையே கங்கேஸ்வர் மகாதேவர் கோவில் உள்ளது. ஐந்து சிவலிங்கங்கள்; பாண்டவர் வழிபட்டவை என்பது ஐதிகம். ஓதம் ஏறும்போது அலை வந்து லிங்கங்களை நனைத்துச் செல்லும். பாறை வழுக்கும் என்பதால் முதியோரைக் கைபிடித்து அழைத்துச் செல்ல வேண்டும்.

பாரசீகத்திலிருந்து வந்த பார்சிகள் குஜராத்தின் சஞ்சானில் குடியேறுவதற்கு முன்பு டையூவில் பத்தொன்பது ஆண்டுகள் தங்கியிருந்தனர் என்று அவர்களின் பழைய செய்யுள் வரலாறு கூறுகிறது. இறந்தோர் உடலைப் பறவைகளுக்கு விடும், இப்போது கைவிடப்பட்ட அவர்களது அமைதிக் கோபுரங்கள் தீவில் உள்ளன.

குக்ரி நினைவகம் என்பது என்ன?

1971 டிசம்பர் 9 அன்று, பாகிஸ்தானின் ஹங்கோர் என்ற நீர்மூழ்கிக் கப்பல் ஏவிய டார்பிடோவால் இந்தியப் போர்க்கப்பல் ஐஎன்எஸ் குக்ரி டையூவுக்கு அப்பால் கடலில் மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிர்நீத்தனர். தலைவர் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு வெளியேறாமல் அதனோடு மூழ்கினார். அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. சக்கரதீர்த்தக் கடற்கரை அருகே, கடலைப் பார்த்தபடி அமைந்த மேட்டில் கண்ணாடிப் பேழைக்குள் கப்பலின் மாதிரி வைக்கப்பட்டுள்ளது. சிறுவர்களைக் கட்டாயம் அழைத்துச் சென்று, அது என்ன இடம் என்பதைச் சொல்லிக் காட்டுங்கள்.

அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1961 டிசம்பர் 18, 19 நாள்களில், போர்ச்சுகீசியரிடமிருந்து கோவா, டாமன், டையூவை மீட்ட விஜய் நடவடிக்கையின்போது டையூவிலும் சண்டை நடந்தது. ஐஎன்எஸ் டெல்லி கடலிலிருந்து சுட, விமானப்படை வானிலிருந்து தாக்க, நானூற்று இருபத்தாறு ஆண்டுப் போர்ச்சுகீசிய ஆட்சி முடிவுற்றது.

கடற்கரைகள் எப்படி?

நாகோவா கடற்கரை பிறைவடிவில் அழகாக இருக்கும். விடுமுறை நாள்களில் கூட்டம் மிகுதி. அங்கே கவனிக்க வேண்டியது கிளைவிட்டு வளரும் ஒருவகைப் பனை. அங்கு ஹோகா என்பர். போர்ச்சுகீசியர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தது என்று ஊரில் சொல்லப்பட்டாலும், தாவரவியலார் இதை இந்திய மேற்குக்கரைக்கே உரிய இனமாகக் கணிக்கின்றனர். ஒற்றைத் தண்டாக நிற்கும் பனையை மட்டுமே கண்டவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். கோட்டைக்கு மேற்கே உள்ள நைடா குகைகளில் கல் வெட்டியெடுத்த தடங்களும், மேலிருந்து வெயில் இறங்கும் துளைகளும் உண்டு. காலை பத்து மணிக்கு மேல் வெளிச்சம் நன்றாக இருக்கும்.

சேலத்திலிருந்து எப்படிச் செல்வது?

நேர்வழி இல்லை. சென்னைக்கோ பெங்களூருக்கோ சென்று, அங்கிருந்து இரயிலிலோ விமானத்திலோ அகமதாபாத்தை அடைவது பெரும்பாலோர் தேர்வு. சென்னையிலிருந்து அகமதாபாத்துக்கு நவஜீவன் விரைவு இரயில் உண்டு. அகமதாபாத்திலிருந்து இரவு இரயிலில் வெராவலுக்குச் சென்று, சோமநாத் தரிசனத்தை முடித்துக்கொண்டு சாலை வழியாக டையூவை அடையலாம். அகமதாபாத்திலிருந்து சாலையிலேயே சென்றால் சுமார் 370 கி.மீ. டையூவில் விமான நிலையமும் உண்டு. ஆனால் சேவைகள் குறைவு, அடிக்கடி மாறுபவை. ஆகவே முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளாமல் அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

எத்தனை நாள் தேவை? எந்தப் பருவம் ஏற்றது?

இரண்டு முழு நாள்கள். முதல் நாள் காலை கோட்டை, மாலை தேவாலயங்கள். இரண்டாம் நாள் காலை பழைய நகரமும் கங்கேஸ்வரரும், பிற்பகல் நைடா குகைகளும் நாகோவாவும் என்று வைத்துக்கொண்டால் அவசரமின்றிப் பார்க்கலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை தட்பவெப்பம் இதமாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் ஏற்காட்டுக் குளிர்ச்சியை எண்ணிக்கொண்டு போனால் துன்பப்பட நேரும். கோட்டை மதிலில் நிழலே கிடையாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிக்கும். நீரில் இறங்குவது ஆபத்து. தீபாவளியை அடுத்த நாள்களில் குஜராத் முழுவதும் விடுமுறை என்பதால் அறை கிடைப்பது அரிது.

முழங்கால் வலி உள்ளவர்களும் வரலாமா?

வரலாம். புனித பவுல் ஆலயம், அருங்காட்சியகம், குக்ரி நினைவகம் ஆகியவற்றுக்கு ஆட்டோவில் வாசல்வரை செல்ல முடியும். கோட்டையில் நுழைவாயிலும் முதல் முற்றமும் எளிது. மேல்தளங்களுக்குப் படியும் சரிவும் உண்டு. கொத்தளங்களின் ஓரத்தில் பல இடங்களில் கைப்பிடிச் சுவர் இல்லாததால், சிறு குழந்தைகளைத் தனியே விடக் கூடாது.

அங்கே மது எளிதாகக் கிடைக்கும் என்கிறார்களே?

குஜராத்தில் மதுவிலக்கு நடைமுறையில் இருக்க, டையூவில் அது இல்லை. இதற்காகவே அங்கு செல்வோர் பலர் என்பதால், வார இறுதிகளில் கடற்கரைப் பகுதி குடும்பத்தோடு இருக்க ஏற்றதாக இராது. எவரேனும் ஒரு பாட்டிலையாவது எல்லை தாண்டிக் கொண்டுவந்தால், சோதனைச் சாவடியில் பிடிபட்டுக் குஜராத் சட்டப்படி வழக்கைச் சந்திக்க வேண்டியிருக்கும். குழுவோடு செல்பவர்கள் அனைவருடைய பயணமும் அங்கேயே நின்றுவிடும்.

உணவும் மொழியும் எப்படி?

குஜராத்திச் சைவச் சாப்பாடு எங்கும் கிடைக்கும். பருப்பிலும் காய்கறியிலும் சர்க்கரை சேர்ப்பர். மீன் உண்போருக்குத் தீவு நல்ல இடம். மக்கள் பேசுவது குஜராத்தி. இந்தியும் ஓரளவு ஆங்கிலமும் போதும். முதியோர் சிலர் போர்ச்சுகீசியமும் பேசுவர்.

அவ்வளவு தூரம் போக இயலாதவர்கள் என்ன செய்யலாம்?

தரங்கம்பாடிக்குப் போகலாம். தீவன்று, ஆனால் ஐரோப்பியர் கோட்டையும் பழைய தேவாலயங்களும் கடற்கரையில் ஒன்றாகக் காணக் கிடைக்கும் ஊர், சேலத்திலிருந்து ஒரே பகலில் சென்றடையக்கூடியது. தஞ்சை இரகுநாத நாயக்கரின் ஒப்புதலோடு டேனியர் 1620-இல் எழுப்பத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை, 1701-இன் சீயோன் ஆலயம், ஜெர்மானிய மறைபோதகர் சீகன்பால்கு கட்டி அவரே அடக்கம் செய்யப்பட்டுள்ள 1718-இன் புதிய எருசலேம் ஆலயம் ஆகியவற்றோடு, அவற்றுக்கெல்லாம் முற்பட்ட, பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோவிலும் கடலோரத்தில் இருக்கிறது. டையூவின் ஆலயங்கள் கத்தோலிக்க மரபின் செழுமையைக் காட்டும். தரங்கம்பாடியின் ஆலயங்கள் சீர்திருத்தக் கிறித்தவத்தின் லுத்தரன் மரபின் எளிமையைக் காட்டும். டேனியர் வாணிபத்தில் சோர்ந்து 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டனர். போர்ச்சுகீசியரோ டையூவை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தனர். தரங்கம்பாடிக்குச் செல்வோர் ஞாயிற்றுக்கிழமை காலையைத் தேர்ந்தால், புதிய எருசலேம் ஆலயத்தில் தமிழ் ஆராதனையிலும் அமரலாம்.